வாக்களிக்கப் போகாதவர்களிடம் என்ன சொல்வது? திருகோணமலையிலிருந்து ஒரு கேள்வி

உவர்மலைவாசி எழுதியது:

திருகோணமலை நகரை அண்டிய ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றுகிறேன். எந்த அரசியல் கட்சியிலும் நான் உறுப்பினன் அல்லன். 2025 மே மாதம் 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்த அன்று, எங்கள் வட்டாரத்தின் வாக்களிப்பு நிலையம் பிற்பகலில் ஏறக்குறைய வெறிச்சோடிக் கிடந்தது. அலுவலர்கள் மேசைகளுக்குப் பின்னால் காத்திருந்தார்கள். முதியவர்கள் ஓரிருவராக வந்து போனார்கள். இளையோரோ அடுத்த வீதியில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அன்று முதல் என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் கேள்வியை இங்கே முன்வைக்கிறேன்.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய நிலை அன்று. பாராளுமன்றத் தேர்தலில் நாடளாவிய ரீதியில் 2015இல் சுமார் 78 சதவீதமானோரும், 2020இல் சுமார் 76 சதவீதமானோரும், 2024இல் சுமார் 69 சதவீதமானோரும் வாக்களித்திருக்கிறார்கள். 2022இல் மக்கள் வீதிக்கு இறங்கி ஒரு ஜனாதிபதியையே பதவி விலகச் செய்த நாட்டில், அதன்பின் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் பத்தில் மூவர் வாக்களிக்கவில்லை என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கக் கூட்டத்தில் இளையோரிடம் காரணம் கேட்டோம். யார் வந்தாலும் இந்த வீதி இப்படித்தான் கிடக்கும் என்றார் ஒருவர். வாக்குக் கேட்டு வந்தவரின் முகத்தை அதற்குப் பிறகு பதாகையில் மட்டுமே கண்டதாக இன்னொருவர் சொன்னார். வாக்களிப்பது கடமை என்று அவர்களுக்கு எடுத்துரைக்க எங்களில் மூத்தவர்கள் முயன்றபோது, பிள்ளைகள் மரியாதையோடு கேட்டுவிட்டு எழுந்து போனார்கள். அவர்களுடைய பேச்சில் சோம்பல் எனக்குத் தென்படவில்லை. நம்பி ஏமாந்த பெற்றோரைப் பார்த்து வளர்ந்ததன் கசப்பே தெரிந்தது.

கட்சி சாராத ஒரு சிறு சங்கம், அடுத்த தேர்தல் அறிவிக்கப்படும் வரை காத்திராமல், இப்பொழுதிலிருந்தே என்ன செய்யலாம்? அரசியல்வாதிகள் மீது மக்களுக்கு நம்பிக்கை திரும்புவதற்கு மக்களின் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஏதேனும் உண்டா, அல்லது அது முழுக்க முழுக்க அவர்களுடைய பொறுப்பா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தம்பலகாமம் ஓய்வூதியர் எழுதியது:

அரச சேவையிலிருந்த காலத்தில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையங்களிலும், பின்னர் வாக்கெண்ணும் நிலையங்களிலும் கடமையாற்றியவன் என்ற வகையில் சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், வாக்களிக்காதவர் எல்லோரையும் நம்பிக்கை இழந்தவர்களாகக் கணக்கிடக் கூடாது. வாக்காளர் இடாப்பில் பெயருள்ளவர்களில் பெருந்தொகையானோர் தேர்தலன்று நாட்டிலேயே இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் வீட்டுக்கு ஒருவராவது கத்தாரிலோ சவூதியிலோ குவைத்திலோ இருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். வெளிநாட்டில் வேலை செய்பவர் அங்கிருந்து வாக்களிக்க நமது நாட்டில் இதுவரை ஏற்பாடு இல்லை. தபால் மூல வாக்கு பெரும்பாலும் அரச ஊழியர்களுக்கும் தேர்தல் கடமையிலுள்ளோருக்கும் உரியதாகவே இருக்கிறது. ஆகவே உங்கள் வட்டாரத்தின் இடாப்பை எடுத்து, கிராம உத்தியோகத்தரின் உதவியோடு, ஊரில் இல்லாதவர் யார், ஊரில் இருந்தும் வராதவர் யார் என்று பிரித்துப் பார்ப்பதே உங்கள் சங்கத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். அதைச் செய்யாமல் யாருக்காக எந்த இயக்கத்தை நடத்தினாலும் பயனில்லை.

ஆனால் வீழ்ச்சியை இது விளக்கிவிடாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி நடந்த ஜனாதிபதித் தேர்தலில் சுமார் 79 சதவீதமானோர் வாக்களித்தனர். எட்டு வாரங்கள்கூட ஆகவில்லை, நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் அது 69 ஆகக் குறைந்தது. அந்த இடைவெளியில் பத்து சதவீதமானோர் விமானம் ஏறிவிடவில்லை. ஜனாதிபதியைத் தெரிவு செய்வதால் ஏதோ மாறும் என்று நம்பிய அதே மனிதர், தம் மாவட்டத்துக்கு ஓர் உறுப்பினரைத் தெரிவு செய்வதால் எதுவும் மாறும் என்று நம்பவில்லை. உள்ளூர்ப் பிரதிநிதிகள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது யாரும் அதிகம் பேசாத ஒன்று. அதே இரண்டு தேர்தல்களை எடுத்துக்கொண்டால், ஜனாதிபதித் தேர்தலில் சுமார் 3 இலட்சம் வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. பாராளுமன்றத் தேர்தலில் நிராகரிக்கப்பட்டவை ஆறரை இலட்சத்துக்கும் மேல். மனக்கசப்பினால் வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியவர்களும் அதில் அடக்கம். வாக்கெண்ணும் மேசையில் அத்தகைய சீட்டைப் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும், ஏனென்றால் குறுக்கே கோடு இழுத்திருப்பார்கள் அல்லது ஏதாவது எழுதியிருப்பார்கள். என்னை வருத்தியவை மற்றையவை. கீழே வேட்பாளர்களுக்குரிய மூன்று விருப்பு இலக்கங்களின் மேலும் நடுங்கும் கையால், ஆனால் மிகுந்த கவனத்தோடு புள்ளடியிடப்பட்டிருக்கும். மேலே கட்சியின் சின்னத்துக்கு எதிரேயுள்ள கட்டமோ வெறுமையாக இருக்கும். கட்சிக்குப் புள்ளடி இல்லாவிட்டால் விருப்பு வாக்குக்கு மதிப்பில்லை. அந்தச் சீட்டை நிராகரிக்கப்பட்டவற்றுடன் சேர்ப்பதைத் தவிர எண்ணும் அலுவலருக்கு வேறு வழி கிடையாது. காலையிலேயே வரிசையில் நின்று சின்னி விரலில் மை பூசிக்கொண்டு வீடு திரும்பிய ஒரு தாயின் வாக்காக அது இருக்கலாம். மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, கட்சிப் பெயர் எதையும் உச்சரிக்காமல், புள்ளடியிடப் பழக்கும் வேலையை ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் மிக எளிதாகச் செய்யலாம்.

இன்னொன்று. வாக்களிக்காமல் இருப்பதால் ஒருவரையும் தண்டிக்க முடியாது என்பதை அந்த இளையோருக்குக் கணக்காகவே காட்டுங்கள். எமது மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். அதிகூடிய வாக்குப் பெறும் கட்சிக்கு ஒன்று போனஸாகப் போய்விடும். ஐந்து சதவீதத்துக்குக் குறைவாகப் பெற்ற அணிகளின் வாக்குகளை நீக்கிவிட்டு, எஞ்சிய செல்லுபடியான வாக்குகளை மூன்றால் வகுத்தால் வருவதே ஓர் ஆசனத்துக்கான தொகை. ஆயிரக்கணக்கானோர் வீட்டில் இருந்துவிட்டால் அந்தத் தொகை குறைகிறது. அதாவது, எந்த அரசியல்வாதியின் மீது அவர்களுக்கு வெறுப்போ, அவருடைய ஆதரவாளர் தவறாமல் வாக்களிக்கும்போது, அவர் முன்னரிலும் குறைந்த வாக்குகளோடு பாராளுமன்றம் போகிறார்.

வெள்ளவத்தையில் ஒரு திருமலைப் பெண் எழுதியது:

ஓய்வூதியர் ஐயாவின் கணக்கு சரியானதே. எனினும் எங்களைப் போன்றவர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்.

எனக்கு வாக்கு திருகோணமலையில், வேலை கொழும்பில். கடந்த பாராளுமன்றத் தேர்தலுக்கு ஊருக்குப் போக விடுமுறை கேட்டபோது, நான் பணிபுரிந்த கடையின் முகாமையாளர், காலையில் வாக்களித்துவிட்டு மதியம் வேலைக்கு வந்துவிடலாமே என்றார். இருநூற்று ஐம்பது கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள ஊர் அது என்று சொல்லியும் பயன் இருக்கவில்லை. நான் போகவில்லை. என்னோடு அறையில் தங்கியிருந்த வவுனியாப் பிள்ளையும் போகவில்லை. எங்களையும் யாராவது அக்கறையற்ற இளைய தலைமுறை என்றுதான் எழுதியிருப்பார்கள்.

பின்னர்தான் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டேன். தனியார் துறையில் பணிபுரிபவருக்கும் சம்பள இழப்பின்றி வாக்களிக்க விடுமுறை வழங்க வேண்டும். தேர்தல்கள் ஆணைக்குழு தூரத்தை வைத்து அதனை வகுத்திருக்கிறது: 40 கிலோமீற்றருக்கு உட்பட்டால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேற்பட்டால் இரண்டு நாட்கள். கொழும்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் எவருக்கும் இரண்டு நாட்கள் உரியவை. எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. ஊரிலுள்ள சங்கங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இந்த விபரத்தையும் ஒரு மாதிரி விண்ணப்பத்தையும் தேர்தலுக்கு முன்பே வட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது. கடை முதலாளிக்கு முன்னால் நிற்கும்போது கையில் ஒரு கடதாசி இருப்பது எவ்வளவு தைரியம் தரும் என்பதை இந்த வேலைகளைச் செய்தவர்கள் அறிவார்கள்.

மூதூர் ஆசிரியர் எழுதியது:

வாக்குச்சீட்டையும் விடுமுறையையும் பற்றி எழுதப்பட்டவை அனைத்தையும் வழிமொழிகிறேன். ஆயினும் செயலாளர் கேட்டது நம்பிக்கையைப் பற்றி. அதனைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும்.

எங்கள் பகுதி மக்கள் அரசியல்வாதிகளை நம்ப மறுப்பதற்கு வரலாறு இருக்கிறது. 2020 ஒக்டோபரில் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் கூட்டும் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, எதிரணியில் போட்டியிட்டு முஸ்லிம் மக்களின் வாக்குகளால் தெரிவானவர்களில் சிலர், தாங்கள் எதிர்ப்பதாகச் சொல்லி வாக்குக் கேட்ட அதே அரசாங்கத்துக்கு ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். கொவிட் தொற்றில் இறந்த எங்கள் உறவினர்களின் உடல்கள் எங்கள் மார்க்கத்துக்கு மாறாகக் கட்டாயமாகத் தகனம் செய்யப்பட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. அந்தக் காயத்துக்குப் பிறகு எவரும் மேடையேறி என்னை நம்புங்கள் என்று சொன்னால், கேட்பவர் மனதில் என்ன ஓடும்? 2023இல், கட்சியின் தீர்மானத்தை மீறியதற்காக நீக்கப்பட்ட ஓர் அமைச்சர் பாராளுமன்ற ஆசனத்தையும் இழந்தார் என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது எங்கள் ஊரில் பலர் ஆறுதலடைந்தார்கள். மக்களிடம் வாங்கிய வாக்கைத் தன் சொத்தாக நினைத்தவர் அதற்கு விலை கொடுக்க நேர்ந்ததை அவர்கள் அதற்கு முன் கண்டிருக்கவில்லை.

ஆகவே நம்பிக்கையைக் கேட்டுப் பெற முடியாது. கணக்குக் கேட்கப் பழகிய ஊரில், கணக்குச் சொல்லப் பழகிய பிரதிநிதி மீது அது மெல்ல மெல்ல வரும். எங்கள் ஊரில் நடந்த சிறிய விடயம் ஒன்றைச் சொல்கிறேன்.

பாடசாலைக்குப் போகும் உள்வீதி ஒன்றின் வடிகான் பல மாரிகளாக நிரம்பி வழிந்து, பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வடிகானுக்கு நிதி ஒதுக்கப்பட்டதாக ஒரு தேர்தல் மேடையில் சொல்லப்பட்டது, வேலையோ நடக்கவில்லை. நாங்கள் ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஒதுக்கீடு எவ்வளவு, அது மாற்றப்பட்டிருந்தால் எந்தத் தீர்மானத்தின்படி, வேலை யாருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது என்பனவே அவை. முதலில் பதில் வரவில்லை. மேன்முறையீடு செய்த பிறகு வந்தது. அந்த நிதி வேறொரு வீதிக்கு மாற்றப்பட்டிருந்தது; மாற்றிய கூட்டத்தின் அறிக்கைப் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு எங்கள் வட்டார உறுப்பினரிடம் போனோம். சண்டை பிடிக்கப் போகவில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு பொதுமண்டபத்தில் அவரை அமரச் செய்து, அறிக்கையை வாசித்துக் காட்டி, அந்தக் கூட்டத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டோம். தான் அன்று கூட்டத்துக்கே போகவில்லை என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார். மண்டபம் அமைதியாகிவிட்டது. அதன் பிறகு அவர் ஒவ்வொரு சபைக் கூட்டத்துக்கும் போனார். போய் வந்து என்ன பேசப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதிச் சந்திக் கடையின் பலகையில் ஒட்டினார். வடிகான் அடுத்த ஆண்டில்தான் கட்டப்பட்டது, அதுவும் பாதித் தூரத்துக்கு. ஆனால் அந்தத் தாளை வாசிப்பதற்காகப் பிள்ளைகள் நின்றார்கள். வாக்களிக்கும் வயது வந்த என் மாணவர் சிலர் அடுத்த கேள்வியை யாருக்கு எழுதலாம் என்று என்னிடம் வந்து கேட்டார்கள்.

உள்ளூராட்சியில் வட்டார முறை வந்த பிறகு இது இன்னும் எளிதாகியிருக்கிறது. உறுப்பினர்களில் 60 சதவீதமானோர் வட்டாரங்களிலிருந்து தெரிவாவதால், உங்கள் தெருவுக்குப் பொறுப்பானவர் யார் என்பது தெரிந்துவிடுகிறது. வட்டாரத்தில் தோற்றவரை, எஞ்சிய இடங்களுக்கான கட்சிப் பட்டியல் வழியாக உள்ளே கொண்டுவரும் வழக்கம் மக்களைக் கசக்கச் செய்கிறது என்பதையும் கட்சிகள் உணர வேண்டும். மக்கள் வேண்டாம் என்று சொன்னவரே மறுவாரம் உறுப்பினராகச் சத்தியப்பிரமாணம் செய்வதைப் பார்க்கும் வாக்காளர், தன் புள்ளடிக்கு என்ன பெறுமதி என்று கேட்பது நியாயமே.

நிலாவெளி எழுதியது:

நண்பர்கள் எல்லோரும் மக்களும் பிரதிநிதிகளும் என்ன செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு செய்ததையும் சொல்லாமல் விட முடியாது. தேர்தல் நடத்தப்படும் என்ற நம்பிக்கையே இல்லாதபோது, தெரிவு செய்யப்படுபவர் மீது எப்படி நம்பிக்கை வரும்?

2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், வேட்புமனுக்கள் ஏற்கப்பட்டுக் கட்டுப்பணமும் செலுத்தப்பட்ட பிறகு, நிதி இல்லை என்ற காரணத்தால் நின்றுபோனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தலோ 2025 மே மாதத்தில்தான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காக்க வைக்கப்பட்ட மக்கள் அன்று வரிசையில் வந்து நிற்கவில்லை என்று மக்களைக் குறை சொல்வது முறையன்று.

மாகாண சபையின் நிலை அதைவிட வேதனையானது. கிழக்கு மாகாணத்தின் ஆட்சித் தலைமையகம் நமது நகரத்தில்தான் இருக்கிறது. ஆளுநரின் செயலகமும் இங்கேதான். 37 ஆசனங்களைக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2012 செப்டெம்பரில். 2017 செப்டெம்பரில் அதன் காலம் முடிந்தது. அதே ஆண்டு தேர்தல் முறையை மாற்றிச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறைக்கும் திரும்பாமல் புதிய முறைக்கும் போகாமல் சட்டம் நடுவழியில் நின்றுவிட்டது. 1995ஆம் ஆண்டிலோ அதன் பின்னரோ இந்த மாவட்டத்தில் பிறந்த எவரும் மாகாண சபைக்கு ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை. பாடசாலை, வைத்தியசாலை, வீதி, விவசாயம் என அன்றாட வாழ்வைத் தொடும் அதிகாரங்கள் பல அந்தச் சபைக்கு உரியவை. அவற்றைத் தெரிவு செய்யப்படாத ஆளுநரும் அதிகாரிகளும் நடத்திவருகிறார்கள். செயலாளர் ஐயா, உங்கள் ஊரில் கிரிக்கெட் விளையாடிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு சபை இருந்ததே தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

என் கருத்தில், கட்சி வேறுபாடின்றி ஒவ்வொரு சங்கமும் முதலில் கேட்க வேண்டியது, தேர்தல்களை உரிய காலத்தில் நடத்து என்பதே.

உவர்மலைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓய்வூதியர் ஐயா சொன்னபடி இடாப்பைப் பிரித்துப் பார்க்கும் வேலையை வரும் கூட்டத்தில் முன்மொழிவேன். தங்கை எழுதிய விடுமுறை விபரத்தை எங்கள் வட்ஸ்அப் குழுவில் இன்றே பகிர்ந்துவிட்டேன். கொழும்பிலும் கட்டுநாயக்கவிலும் வேலை செய்யும் பிள்ளைகள் இருவர் உடனேயே மாதிரி விண்ணப்பத்தைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்.

நிலாவெளி நண்பரின் கருத்தோடு எனக்கு ஓரளவே உடன்பாடு. தேர்தலைப் பிற்போட்டது பெரும் அநீதி என்பதில் ஐயமில்லை. ஆனால் கொழும்பில் சட்டம் திருத்தப்படும் வரை ஊரில் எதுவும் நகராது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டால், அவர்களை நாம் முற்றாக இழந்துவிடுவோம். மூதூர் ஆசிரியர் எழுதிய சந்திக் கடைப் பலகைதான் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகப் படுகிறது. ஒரு சந்தேகம்: நாங்கள் கேள்வி எழுதிக் கொடுத்தால், எதிரணிக்காரர் என்று முத்திரை குத்திவிடுவார்களோ என்று சங்கத்தில் சிலர் அஞ்சுகிறார்கள். இதனை எப்படிச் சமாளித்தீர்கள்?

மூதூர் ஆசிரியர் எழுதியது:

அந்த அச்சம் எங்களுக்கும் இருந்தது. இரண்டு விடயங்கள் உதவின. ஒன்று, கேள்வியை எழுதும் முன்பே வட்டார உறுப்பினருக்கு அறிவித்துவிட்டோம். மறைவாக எதையும் செய்யவில்லை. மற்றையது, ஆளும் கட்சி உறுப்பினரின் வட்டாரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால், எதிரணி உறுப்பினரின் வட்டாரத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டோம். கையொப்பமிட்டவர்களில் எல்லாக் கட்சிகளுக்கும் வாக்களிப்பவர்கள் இருந்தார்கள். பெண்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள்.

விண்ணப்பத்தை ஒப்படைக்கும்போது ஏற்றுக்கொண்டதற்கான பற்றுச்சீட்டைத் திகதியோடு கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அதிலிருந்து 14 வேலை நாட்களுக்குள், தகவல் தரப்படுமா இல்லையா என்ற தீர்மானத்தைத் தகவல் அலுவலர் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதுவும் பயனளிக்காவிட்டால் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று யாராவது வினவினால், காரணம் சொல்லச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதைப் பணிவாகச் சொல்லுங்கள். நாங்கள் எழுதிய விண்ணப்பத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது, ஊர்ப் பெயரையும் வீதிப் பெயரையும் மாற்றிக்கொண்டால் உங்களுக்கும் பொருந்தும். தேவைப்பட்டால் சொல்லுங்கள், நாளை அனுப்பி வைக்கிறேன்.